பதினொரு மூட்டைக் கச்சான்

பீற்றிஸுக்கு வலது தோள்மூட்டு விண்விண் என்று தெறித்தது. காலை எட்டு மணியிலிருந்து கோப்பி அரைக்கிற கைமில்லில் கச்சான் அரைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கோப்பிக்கொட்டைக்கென்று செய்த மில் அது. எண்ணெய்ப்பசையுள்ள நிலக்கடலைக் கச்சான் உள்ளே போனால் நாலு சுற்றுக்கு ஒருதரம் இறுகி நிற்கும். கழற்றி, களியாக அப்பியிருப்பதைக் கரண்டிக்காம்பால் சுரண்டி, திரும்பப் பூட்டிச் சுற்றவேண்டும். விடிய அவித்துத் தின்ற இரண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கு எப்போதோ கரைந்து போயிருந்தது. எழுபத்துநாலாம் ஆண்டு மாசி மாதம் அது. அரிசி கண்ணில் படுவதே அபூர்வம்.

தகப்பன் சுண்ணாம்புச் சூளையில் சிப்பி சுமந்தவர். பதினாறு வயதுவரை பீற்றிஸும் சுமந்தாள். அதனால் தோள் நோவு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் சிப்பிக்கூடையை இறக்கினால் வேலை முடிந்தது. இந்த மில்லைக் கீழே வைத்தால்தான் வேலை தொடங்கும்.

புளியந்தீவில் ஒரு பழைய பண்டகசாலையின் பின்னறைதான் பரிசோதனைக்கூடம். கூட்டுறவுச் சங்கங்கள் கொள்வனவு செய்யும் தானியத்திலும் கச்சானிலும் பூசண நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே வேலை. ஆட்கள் இரண்டே பேர். பொறுப்பதிகாரி மொறிஸ், ஐம்பது வயதான பறங்கியர்; உதவியாளர் பீற்றிஸ். தன் கையெழுத்துக்கு மேலே அவளுடைய கைவேலை இருக்கிறது என்று மொறிஸுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இன்று பார்ப்பது பழுகாமத்துப் புஸ்பம் என்பவளுடைய கச்சான். பதினொரு மூட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பதற்காகச் சங்கம் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தது. போன கிழமை எடுத்த மாதிரியில் நஞ்சு காட்டியது. இன்று இரண்டாவது மாதிரி. இதிலும் காட்டினால் நாலு மணிக்குப் பியோன் கடிதத்தோடு போவான். நாளைக் காலையில் மூட்டை பதினொன்றையும் வாவிக்கரையில் குவித்து எரிப்பார்கள். எரித்ததற்குக் காசு கிடையாது.

புஸ்பம் வெளியே மர வாங்கிலில் குந்தியிருந்தாள். ஊர் இருக்கிற படுவான்கரையிலிருந்து தோணியில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, கூடம் திறக்க முதலே வந்துவிட்டாள். போகச் சொல்லியும் போகவில்லை.

அரைத்ததில் எண்ணெயைக் கழுவி நீக்கி, தண்ணீர் கலந்த மெதனோலில் குலுக்கி, வடித்து, அதைக் குளோரபோமுக்கு மாற்றி, சுடுதண்ணீர்ச் சட்டியில் வைத்து வற்றவைத்தால் கடைசியில் சின்னக் குப்பியின் அடியில் நாலைந்து துளி மிஞ்சும். வடிக்கிற தாள் மார்கழியோடு முடிந்துவிட்டது. கப்பலில் சாமான் வருவது நின்று போனதால் வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்து அதில்தான் வடித்தாள். துணியைத் தானே துவைத்தாள். அவள் துவைத்தால் அழுக்கு என்று ஒருவன் வாய் திறக்க முடியாது.

பிறகு தகடு. சாளரக் கண்ணாடியைக் கைப்பிடி அகலத்துக்கு வெட்டி, சோடாவில் கழுவி, சிலிக்கா மாவைத் தண்ணீரில் குழைத்து அதன்மேல் மெல்லியதாக இழுக்கவேண்டும். தோசைமாவைவிடக் கொஞ்சம் இளக்கம். இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கண்ணாடிக்கோலை உருட்டினால் படை ஒரே கனத்தில் நிற்கும். காய்ந்தபின் மின்போறணைச் சூட்டில் ஒரு மணித்தியாலம். அடியில் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, கோட்டின்மேல் ஊசிமுனைபோல் இழுத்த கண்ணாடிக் குழாயால் துளி துளியாகத் தொட்டு வைப்பாள். பக்கத்தில் நிச்சயமாக நஞ்சென்று தெரிந்த நியமக் கரைசலிலும் ஒரு துளி. தகட்டைச் சாடிக்குள் நிறுத்தினால், அடியில் ஊற்றிய கரைப்பான் திராவகம் மெல்ல மெல்ல மேலே ஏறும். ஏறும்போது ஒவ்வொரு பொருளையும் அதற்கதற்கு உள்ள உயரத்தில் விட்டுவிட்டுப் போகும். கறுப்புச் சீலை தொங்கும் அலுமாரிக்குள் புறவூதா விளக்கின் கீழ் பார்த்தால் நஞ்சு நீலமாக ஒளிரும். நியமம் நின்ற உயரத்தில் கச்சான் துளியும் ஒளிர்ந்தால் கதை முடிந்தது.

பதினொன்றரை மணிக்குத் தகடு ஒளிர்ந்தது.

மொறிஸ் அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "அதே நீலம். அதே உயரம். ரெண்டாந்தரமும் இரிக்கி. இனி என்ன, கடிதத்த அடிப்பம்."

பீற்றிஸ் தகட்டை விரலால் காட்டினாள். "சேர், இடப்பக்க ஓரத்தில ஒரு நியமம் வெச்சன். நடுவுக்குக் கிட்ட இன்னொண்டு வெச்சன். ரெண்டையும் பாருங்க."

"பாத்தன்."

"ஒரே குப்பி, ஒரே குழாய். ஓரத்தில உள்ளது மேல நிக்கிது. நடுவில உள்ளது ஒரு விரக்கடை கீழ நிக்கிது. நடுவில வெச்ச கச்சான் துளி ஆரோட சமன்?"

மொறிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். "ஓரத்தில உள்ளதோட."

"போன கிழமை நியமத்த ஓரத்தில மட்டும்தான் வெச்சன். அப்பவும் ஓரத்தோடதான் சமன் பாத்த நாம. ஒரே சாமான் ஒரே தகட்டில ரெண்டு உயரத்தில நிண்டா, பிழை தகட்டில."

"உமக்கு வாங்கில்ல இருக்கிற மனிசிட முகத்தப் பாத்து மனம் இளகிட்டுது."

"முகத்தப் பாக்கல்ல சேர். தகட்டத்தான் பாக்கிறன்."

அவர் கதிரையில் சாய்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு வேறு பயம் இருந்தது. "பீற்றிஸ், இல்லையெண்டு எழுதிப்போட்டு, பிறகு இருந்தா? பிள்ளையள் திங்கிற சாமான். உடன ஆளை விழுத்தாது இது. ஈரல்ல போயிருந்து வருசக்கணக்கில கொல்லும். அப்ப ஆரு நம்மளக் கேக்கப்போற? கேக்காட்டியும் நமக்குத் தெரியுந்தானே?"

அவர் சொன்னது சரி. "நாலு மணிமட்டும் நேரந்தாங்க. நேரா ஓடின தகடொண்டு காட்டுறன். அதிலயும் சமன் எண்டா நானே கடிதத்த அடிச்சுத் தாறன்."

"நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிசமும் இல்ல."

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவளைப் புஸ்பம் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மண்வெட்டி பிடித்த கை. விரல்கள் நேராக நீளாது. மடியில் ஒரு துணிப் பொட்டலம்.

"என்ன புள்ள, எண்ட கச்சான் செத்துட்டா, உசிரோட இரிக்கா?"

"இன்னும் பாத்து முடியல்ல அக்கா."

புஸ்பம் பொட்டலத்தை அவிழ்த்தாள். அவித்த கச்சான். ஒன்றை உடைத்து வாயில் போட்டு, பீற்றிஸின் முகத்தைப் பார்த்தபடி மென்றாள். இன்னொன்று. இன்னொன்று. "அதே வட்டையில விளைஞ்ச கச்சான்தான் இது. மூணு மாசமா எண்ட வீட்ட இதுதான் காலச்சாப்பாடு. நானும் நாலு புள்ளையும் திங்கிறம். நஞ்செண்டா எங்கள எங்க வெச்சுப் புதைச்சிருக்கிங்க?"

"அப்பிடி உடன காட்டாது அக்கா…"

"பின்ன எப்ப காட்டும்? நான் செத்தாப் பிறகா? களஞ்சியக்காரன் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறான், புஸ்பம் மழையில நனஞ்சத அடியில போட்டு மூடிக் குடுத்துட்டாளெண்டு. வெயில்ல பாயில போட்டுக் கிளறிக் கிளறி எண்ட முதுகுத்தோல் உரிஞ்சது அவனுக்குத் தெரியுமா?" அவள் ஒரு பிடி கச்சானை நீட்டினாள். "தின்னுங்க. பயமெண்டா வேணாம்."

பீற்றிஸுக்குப் பசி வயிற்றைப் பிராண்டியது. கை நீளவில்லை. பயந்துதான் நீளவில்லை. அது புஸ்பத்துக்கும் விளங்கியது. பொட்டலத்தைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

உள்ளே வந்து பீற்றிஸ் பழைய தகட்டைக் கையில் எடுத்து, எங்கே எங்கே கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திராவகம் ஏறிய கோடு நேராக இல்லை. நடுவில் தாழ்ந்து இரண்டு ஓரமும் மேலே இழுத்திருந்தது. சாடிக்குள் ஆவி நிறையாவிட்டால் அப்படித்தான் ஓடும். ஆவி நிறைய வேண்டுமென்றால் சாடியின் சுவரில் திராவகத்தில் நனைந்த தாள் நிற்கவேண்டும். வடிதாள் முடிந்த அன்றே அந்தத் தாளும் முடிந்துவிட்டது. தாள் இல்லாமலே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

மொறிஸின் அலுவலக மேசையில் மை ஒற்றுகிற தடித்த தாள் நாலு இருந்தது. கேட்காமலே நாலையும் உருவினாள்.

"அது கந்தோர்ச் சாமான்," என்றார் மொறிஸ்.

"இதுவும் கந்தோர்தான் சேர்."

ஒற்றுத்தாளைச் சாடியின் உட்சுவரைச் சுற்றி நிறுத்தி, திராவகத்தை ஊற்றிச் சாய்த்து நனைத்து, மூடியின் விளிம்பில் கிளிசரின் பூசி இறுக்கி வைத்தாள். அரை மணித்தியாலம் அப்படியே நிற்கட்டும்.

இரண்டாவது, ஈரம். வாவிக்காற்று. மாசியிலும் மழை விட்டபாடில்லை. உப்புப் போத்தலில் உப்பு கரைந்து நிற்கிறது. போறணையிலிருந்து எடுத்த தகடு துளி வைத்து முடிக்கிறதற்குள் காற்றில் உள்ள தண்ணீரைக் குடித்துவிடும். குடித்த தகட்டில் எல்லாம் தாறுமாறாக ஏறும். அவளுக்குச் சூளை ஞாபகம் வந்தது. நீறாத சுண்ணாம்புபோல் தண்ணீருக்கு அலைகிற சாமான் உலகத்தில் கிடையாது. நனைந்த கையால் தொட்டால் கை வெந்துபோகும். தெருமுனையில் வெள்ளையடிக்கிற இடத்தில் அரைச் சிரட்டை நீறாத சுண்ணாம்பு வாங்கிவந்து, பிஸ்கட் தகரத்தின் அடியில் போட்டு, மேலே வலைத்தட்டு வைத்து, போறணையிலிருந்து எடுத்த தகடுகளைச் சூட்டோடு அதற்குள் நிறுத்தி மூடினாள்.

மூன்றாவது, அவளுடைய சொந்தப் பழக்கம். துளி வைத்ததும் காயட்டும் என்று வாயால் ஊதுவாள். ஊதுகிற மூச்சிலும் தண்ணீர்தானே. இந்தமுறை கடதாசி மட்டையால் விசிறினாள். ஒரு பெரிய துளியாக வைக்காமல், கடுகளவு வைத்து, காயவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்தாள். நியமத்தை ஓரத்தில் வைக்கவில்லை. நடுவில், கச்சான் துளிக்குத் தோளோடு தோளாக வைத்தாள். அதற்கு அடுத்த இடத்தில் இன்னொரு கச்சான் துளி வைத்து அதன் தலைமேலேயே நியமத்தையும் வைத்தாள். இரண்டும் ஒரே சாமான் என்றால் அங்கே ஒரே பொட்டாகத்தான் ஏறும். வேறு வேறு என்றால் பிரியும்.

இன்னும் ஒரு இடம் மிஞ்சியது.

"வெறுமனா ஒண்டு வைக்கணும் சேர்."

"வெறுமனா?"

"கச்சான் போடாம, மெதனோல மட்டும் எல்லாத்துக்குள்ளாலயும் எடுத்து வைக்கிறது. புத்தகத்தில இருக்கி. தையிலதான் நீங்க நிப்பாட்டச் சொன்ன."

"மெதனோல் மிச்சம் பிடிக்க," என்றார் மொறிஸ். பிறகு சிறிய குரலில், "வையும்," என்றார்.

மெதனோலை அதே குப்பியில் குலுக்கி, அதே துணியில் வடித்து, அதே மாதிரி வற்றவைத்துக் கடைசி இடத்தில் வைத்தாள். திராவகம் பென்சில் கோட்டைத் தொடாமல் அரை விரக்கடை கீழே நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் தகட்டை இறக்கினாள். மூடினாள். நாற்பது நிமிடம் சாடியை அசைக்கவும் இல்லை, பக்கத்தில் நடக்கவும் விடவில்லை. மொறிஸ் வெற்றிலை போட எழும்பியபோதுகூட "மெல்லப் போங்க" என்றாள்.

கோடு நேராக ஏறியது. அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல் ஏறியது. அதைப் பார்த்ததிலேயே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்தது.

அலுமாரிக்குள் இருவரும் ஒன்றாகத் தலையை விட்டார்கள்.

கச்சான் துளி நியமத்துக்கு மேலே நின்றது. ஒரு விரக்கடை நல்ல தாராளமாக மேலே. தலைமேல் தலை வைத்த இடத்தில் இரண்டு பொட்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"வேற சாமான்," என்றார் மொறிஸ்.

பீற்றிஸ் கடைசி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கச்சானே போடாத வெறும் மெதனோல் வைத்த இடம். அங்கேயும் நீலம். கச்சான் துளியின் அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில்.

"சேர்," என்றாள். "கச்சானில இருந்து வரல்ல இது. நம்மட கையில இருந்து வருது."

மொறிஸ் இன்னும் உள்ளே குனிந்தார். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் மொறிஸின் முகம் இல்லை. சட்டைக் கொலர் மட்டும் தனியாகத் தொங்கியது. நீலமாக, பளபளவென்று, ஒளிர்ந்துகொண்டு.

"சேர், உங்கட கொலர்."

"என்ன கொலருக்கு?"

"கீழ பாருங்க."

மொறிஸ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "மாதாவே! எனக்கும் நஞ்சு பிடிச்சிட்டா?"

பீற்றிஸ் பாய்ந்துபோய் வடிக்கிற துணியைக் கொண்டுவந்து விளக்கின் கீழ் பிடித்தாள். அலுமாரி முழுவதும் நீலமாகிப் போனது. திருவிழாவுக்கு மின்குமிழ் கட்டினதுபோல் துணி எரிந்தது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மொறிஸின் மனைவி லோர்னாவின் தம்பி கப்பலில் வேலை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது வெளிநாட்டுச் சலவைத்தூள் இரண்டு பெட்டி கொண்டுவந்தான். துணியைப் பாலைப்போல் வெளுக்கவைக்கும் தூள். லோர்னா அரைப் பெட்டியைப் பீற்றிஸுக்குக் கொடுத்தாள், கோயில் பீடத்துணி துவைக்க. அந்தத் தூளால் பீடத்துணி வெளுத்த வெளுப்பைப் பார்த்து, இவ்வளவு நல்ல தூளால் கூடத்துத் துணியையும் துவைப்போம் என்று துவைத்தது பீற்றிஸ்தான். வெளுப்பைக் காட்டுவதற்கென்றே தூளில் போட்ட ஏதோ மருந்து, மெதனோலில் கரைந்து, அவளுடைய குப்பிக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டு தரம். மூன்று அலசல் அலசினாலும் போகாத மருந்து.

"லோர்னாட தூள்," என்று மொறிஸ் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கச் சிரித்தார். பீற்றிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மில் வைத்த பெட்டிமேல் இருந்துவிட்டாள்.

"இன்னும் முடியல்ல சேர். நஞ்சிட நீலத்தத் தூளிட நீலம் மறைச்சிருக்கலாம். ரெண்டும் சேந்து இருக்கலாம்."

மொறிஸ் சிரிப்பை நிறுத்தினார். "அது சரி. எத்தின மணி?"

"ஒண்டே கால்."

துணி இல்லாமல் வடிக்கவேண்டும். ஆஸ்பத்திரிப் பஞ்சை நம்பலாமா என்று யோசித்தாள். வேண்டாம். எது வெளுத்ததோ அதில் என்ன இருக்கும் என்று தெரியாது. மொறிஸ் தன் கதிரைத் தலையணையைக் கிழித்தார். உள்ளே இலவம்பஞ்சு. மரத்திலிருந்து விழுந்தபடி, சவுக்காரம் காணாதது. பீற்றிஸ் அதைக் குளோரபோமில் ஊறவைத்துப் பிழிந்து புனலின் கழுத்தில் அடைத்தாள். அரைத்து மிஞ்சிய கச்சானில் புதிதாக எடுத்தாள். இந்தமுறை மொறிஸும் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து குப்பியைக் குலுக்கினார். பஞ்சுக்கும் ஒரு வெறுமன் வைத்தார்கள்.

அவர் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் பழைய தகட்டின்மேல் தண்ணீர் கலந்து ஐதாக்கிய சல்பூரிக்கமிலத்தைப் பனிபோல் தெளித்து விளக்கின் கீழ் பிடித்தாள். நியமத்தின் நீலம் கண்முன்னே மஞ்சளாகியது. நஞ்சு என்றால் அப்படித்தான் மாறும். கச்சான் துளியின் நீலம் மங்கியதே தவிர மஞ்சளாகவில்லை.

மூன்று நாற்பத்தைந்துக்குக் கடைசித் தகடு சாடியிலிருந்து வெளியே வந்தது. காயவைத்து, அலுமாரிக்குள் பிடித்தார்கள். மொறிஸ் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பெனியனோடுதான் தலையை விட்டார்.

நியமம் ஒளிர்ந்தது. கச்சான் இருந்த இடம் இருட்டு. பஞ்சு வெறுமன் இருந்த இடமும் இருட்டு. துளி வைத்த அடிக்கோட்டில்கூட ஒரு பொட்டு இல்லை. பீற்றிஸ் கண்ணை மூடித் திறந்து திரும்பப் பார்த்தாள். இருட்டுத்தான். இவ்வளவு நல்ல இருட்டை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"எழுதுங்க சேர்."

"நீர் சொல்லும், நான் எழுதுறன்," என்றார் மொறிஸ்.

பியோன் வந்து நின்றபோது மை காயவில்லை. கந்தோரில் ஒற்றுத்தாள் ஒன்றும் மிஞ்சவில்லை. மொறிஸ் கடிதத்தை வாயால் ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். சாப்பிடத் தகுந்தது, நஞ்சில்லை, முந்திய அறிக்கை பிழை, பிழை எங்களுடையது. நாலே வரி.

பீற்றிஸ் வெளியே வந்தாள். புஸ்பம் எழும்பி நின்றாள். அவளுடைய முகத்தில் கேள்வி இல்லை. அடிக்கு நிற்கிற மாடுபோல் நின்றாள்.

"ஒண்டுமில்ல அக்கா. உங்கட கச்சான் நல்ல கச்சான்."

"என்ன?"

"நஞ்சு இல்ல. எரிக்க மாட்டாங்க."

புஸ்பம் வாங்கிலில் இருந்தாள். இருந்த வேகத்தில் வாங்கில் கிறீச்சிட்டது. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலைப்பை எடுத்தபோது கண் சிவந்திருந்தது, குரலில் பழைய கூர் வந்துவிட்டது.

"பின்ன எங்க இருந்து புள்ள வந்திச்சி நஞ்சு?"

பீற்றிஸ் சொன்னாள். துணி, தூள், பீடத்துணி, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. புஸ்பம் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"சவுக்காரத் தூள்?"

"ஓம் அக்கா."

"சாமிட துணி வெளுக்கிற தூளால எண்ட குடியக் கெடுக்கப் பாத்திங்களா புள்ள! இவ்வளவு துப்பரவா இருந்தா ஆருக்கு ஆகும்? கொஞ்சம் ஊத்தையா இருங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு வாசல் கடந்து தெருவுக்குப் போனது. உள்ளே பெனியனோடு நின்ற மொறிஸும் சிரித்தார்.

"களஞ்சியக்காரனுக்குச் சேர் தனியா ஒரு கடிதம் தருவார் அக்கா. நனஞ்ச கச்சான் இல்லையெண்டு. நீங்களே கையில கொண்டு போய்க் குடுங்க."

"கையிலயா? சந்தியில நிண்டு ஆளை வெச்சு வாசிப்பிப்பன். முதல்ல இதத் தின்னுங்க, முகம் கறுத்துப்போய் இரிக்கி."

பொட்டலம் திரும்ப அவிழ்ந்தது. இந்தமுறை பீற்றிஸ் கேட்டு வாங்கித் தின்றாள். நின்றபடி, கோது உடைத்து உடைத்து, உப்போடு அவிந்த கச்சானை வாய் நிறையப் போட்டு மென்றாள். ஒன்பது மணித்தியாலப் பசி. மொறிஸுக்கும் ஒரு பிடி போனது. ஐந்து மணி பஸ்ஸுக்குப் புஸ்பம் ஓடியபோது கடிதம் அவளுடைய சட்டைக்குள் இருந்தது. பஸ் படியில் ஏறித் திரும்பி, "தூள ஆத்தில கொட்டுங்க!" என்று கத்தினாள்.

சாடிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது மொறிஸ் பதிவுப் புத்தகத்தோடு வந்தார். சட்டையைத் திரும்பப் போடவில்லை.

"துணிய எப்ப இந்தத் தூளால தோய்ச்ச நீர்?"

"தை மாசம் செபஸ்தியார் திருநாளுக்குப் பீடத்துணி தோய்ச்சன். அண்டைக்குத்தான். அதுக்கு முந்தி வெறுஞ் சவுக்காரம்."

"அதுக்குப் பிறகு புஸ்பத்திட ரெண்டு மாதிரி. திருநாளுக்குப் பிறகு, புஸ்பத்துக்கு முன்னால, இன்னொண்டு இரிக்கி." விரலைப் புத்தகத்தில் வைத்தார். "ரெண்டு தரமும் நீலம். எரிச்சாச்சு."

பீற்றிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவளுடைய கையெழுத்துத்தான். ஏறாவூர், மஜீட், நாலு மூட்டை.

எடுத்த மாதிரியில் ஒரு போத்தல் எப்போதும் அலுமாரியில் வைத்திருப்பார்கள். அடுத்தநாள் காலையில் மஜீட்டின் போத்தலைத் திறந்து, தோள் நோவோடு அரைத்து, இலவம்பஞ்சில் வடித்து, சுண்ணாம்புத் தகரத்துத் தகட்டில் ஓடவிட்டாள். நேராக ஓடியது. நியமம் ஒளிர்ந்தது. கச்சான் இருந்த இடம் இருட்டு.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனார்கள். மஜீட் வயல்வாடிக் குடிலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். மொறிஸ் தொடங்கினார், தடுமாறினார். மீதியைப் பீற்றிஸ் சொல்லி முடித்தாள். மஜீட் அரிவாளைக் கீழே வைத்தார்.

"எரிக்கக்குள்ள நானும் நிண்டன் புள்ள. என்ன மணம் தெரியுமா? ரோட்டால போற சனம் நிண்டு பாத்துட்டுப் போச்சு. அப்பவே நினச்சன், பூசணம் பிடிச்ச கச்சான் இப்பிடி மணக்காதெண்டு. கவுமேந்துச் சோதனை பிழையாகுமா எண்டு வாய மூடிட்டு வந்துட்டன்."

"எழுத்தில தாறம்," என்றார் மொறிஸ். "பிழை எங்கடதெண்டு. மேலிடத்துக்கும் எழுதுறன்."

"எழுத்த வெச்சு விதைக்கலாமா சேர்? அதுல ஒரு மூட்ட விதைக்கு வெச்சது." கோபம் இல்லை குரலில். கேட்டதற்கு விடை தெரிந்தவர் கேட்கிற மாதிரிக் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "தேத்தண்ணி போடுங்க, டவுண்ல இருந்து ஆக்கள் வந்திரிக்கி," என்றார்.

மஜீட்டின் நட்டத்துக்காக மொறிஸ் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். இரண்டுக்குக் கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. மூன்றாவதற்கு அதுவும் வரவில்லை. புஸ்பத்தின் பதினொரு மூட்டையும் பள்ளிக்கூடங்களுக்குப் போய் உருண்டையாகி முடிந்தது. அன்றிலிருந்து வெறுமன் இல்லாமல் அந்தக் கூடத்தில் ஒரு தகடும் ஓடவில்லை.

ஏறாவூர் மஜீட்டுக்கு நாலு மூட்டைக் கச்சான் கொடுக்கவேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.